ஊதுகருவிகளின் கதை – 9: நாக்கைக் கொடுத்து வாங்கிய மூச்சு

ரோமப் பேரரசன் நீரோவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு வேண்டுதல் இருந்தது. கி.பி. 68ஆம் ஆண்டு. இன்றைய பிரான்ஸ் பக்கம் ஒரு கலகம், ஸ்பெயின் பக்கம் இன்னொன்று. அரண்மனைக் காவலர்களே கட்சி மாறிக்கொண்டிருந்த நேரம். இந்தக் கண்டத்திலிருந்து தப்பி ஆட்சி நிலைத்துவிட்டால், வெற்றி விழாவில் தானே மேடையேறுவதாக ஊரறியச் சொல்லியிருந்தான். தண்ணீரால் இயங்கும் ஆர்கனை வாசிப்பானாம், குழல் ஊதுவானாம், தோல்பைக் குழலும் ஊதுவானாம். ஆட்சி தப்பவில்லை. அந்த ஜூன் மாதம் நீரோ தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். கச்சேரி நடக்கவே இல்லை. ஆனாலும் சூட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் சில பத்தாண்டுகள் கழித்து இந்த வேண்டுதலை எழுதிவைத்தார். பேக்பைப் என்று இன்று நாம் அழைக்கும் கருவிக்கு ஐயமில்லாத பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு சாட்சி, டியோ கிறிசோஸ்டம் என்ற கிரேக்கச் சொற்பொழிவாளர். பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் புரியும்படி, ஓர் அரசனைப் பற்றிப் பேசுகிறார். அவன் குழலை வாயாலும் ஊதுவான், அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டும் ஊதுவான் என்கிறார். காரணமும் சொல்கிறார்: அத்தீனா தேவிக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடாது என்பதற்காக. கிரேக்கக் கதையில் இரட்டைக் குழலைக் கண்டுபிடித்தவளே அத்தீனாதான். ஊதும்போது கன்னம் உப்பித் தன் முகம் எவ்வளவு கோரமாகிறது என்பதைத் தண்ணீரில் பார்த்துவிட்டுக் குழலைத் தூக்கி எறிந்தாள். முக அழகு கெடாமல் குழலூத வேண்டுமானால் பை வேண்டும். ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிடில் பிறக்க அதற்குப் பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகும். அவன் கையில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பேக்பைப்பைக் கொடுப்பது இன்னும் நியாயம்.

இதற்கு முன்னால் போகப் போகத் தரை நழுவுகிறது. துருக்கியில் அலாஜா ஹூயூக் என்ற இடத்தில் ஹிட்டைட் காலத்துக் கற்சிற்பம் ஒன்று உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதில் பேக்பைப் இருப்பதாகச் சிலர் கண்டார்கள், மற்றவர்கள் இல்லை என்று மறுத்தார்கள். அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றில் தீப்ஸ் ஊர்க் குழல்காரர்களைப் பற்றி வரும் கொச்சையான கேலியைப் பைக்குழல் என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. கேலியை வைத்துக் கருவியின் வயதைக் கணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தோலும் மரமும் நாணலும் மண்ணுக்குள் நிலைப்பதில்லை. அதனால் அகழாய்வாளர்கள் எலும்புப் புல்லாங்குழல்களை எடுத்துக் காட்டும் அளவுக்கு இந்தக் கருவியை எடுத்துக் காட்ட முடிவதில்லை.

*

ஒன்று மட்டும் தெளிவு. குழல் முதலில் வந்தது, பை கடைசியில் வந்தது. சென்ற அத்தியாயத்தில் பார்த்த கிரேக்க இரட்டைக் குழலையும் எகிப்தின் இரட்டை நாணலையும் ஊதியவர்களுக்கு ஒரே தொல்லைதான். சீவாளி வைத்த குழல் காற்றை விழுங்கிக்கொண்டே இருக்கும்; ஊதுபவன் மூச்சு வாங்க நிறுத்தினால் இசையும் நிற்கும். இதைத் தீர்க்க முதலில் கண்ட வழி உடம்புக்குள்ளேயே இருந்தது. கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்குவது. நாதஸ்வரத்துக்குச் சுருதி ஊதும் நம் ஒத்துக்காரர் மணிக்கணக்காகச் செய்வது இதைத்தான். சார்தீனியத் தீவில் லவுனெத்தாஸ் என்ற மூன்று குழல் கருவியை இன்றும் இப்படித்தான் ஊதுகிறார்கள். மூன்றில் ஒன்று சுருதிக்கு, இரண்டு பாட்டுக்கு. அந்தத் தீவில் கிடைத்த பழங்கால வெண்கலப் பொம்மை ஒன்று கிட்டத்தட்ட இதே கருவியை வாயில் வைத்திருக்கிறது. வழி கண்டுபிடித்துவிட்டதால் சார்தீனியாக்காரர்களுக்குப் பை தேவைப்படவில்லை.

மற்ற இடங்களில் யாரோ ஓர் இடையன், கன்னத்துக்குப் பதிலாக ஓர் ஆட்டுத்தோலைப் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தோல் அவன் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரும் திராட்சை மதுவும் சுமந்தது அதே பைதான். முழு ஆட்டைப் பிளக்காமல் உரித்தால் கழுத்தும் முன்னங்கால்களும் தாமாகவே மூன்று வாய்களாக நிற்கும். கழுத்தில் வாசிக்கும் குழலையும், ஒரு காலில் ஊதுகுழலையும், இன்னொரு காலில் சுருதிக் குழலையும் கட்டினால் கருவி தயார். பல்கேரியாவின் கைடா இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. பையின் வாயில் ஒரு தோல் நாக்கு. காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஊதுபவர் பையை நிரப்பிவிட்டு மூச்சு வாங்கும் கணத்தில் முழங்கை பையை அமுக்குகிறது. சீவாளிக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. தெரிந்துவிட்டால் அது மோசமான வாசிப்பு.

பை ஊதியவர்களின் உடலுக்கு அது எப்போதும் நல்லது செய்ததாகவும் சொல்ல முடியாது. ஈரமும் இருட்டும் சூடும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 2016இல் ஒரு மருத்துவ இதழில், தினமும் பேக்பைப் ஊதிய ஒருவரின் நுரையீரல் நோய் பற்றிய குறிப்பு வந்தது. அவர் மூன்று மாதம் வெளிநாட்டில் கருவியில்லாமல் இருந்தபோது மட்டும் நோய் தணிந்திருந்தது. அவர் இறந்த பிறகு பையையும் சீவாளிகளையும் சோதித்தபோது பலவகைப் பூஞ்சைகள் கிடைத்தன.

இந்த அத்தியாயத்தின் மையக் கணக்கு இனிமேல்தான். பை தந்தது அறுபடாத மூச்சு. அதற்கு ஈடாக அது எடுத்துக்கொண்டது நாக்கை. சீவாளி இப்போது வாய்க்குள் இல்லை, பைக்கு அப்பால் மரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நாதஸ்வரக்காரர் உதட்டால் அழுத்தித் தரும் நயம், மூச்சைக் குறைத்துத் தரும் மென்மை, நாக்கால் தட்டி ஒரு சுரத்தை அடுத்ததிலிருந்து பிரிப்பது எல்லாமே போயிற்று. சத்தம் ஒரே அளவு. நிறுத்தம் கிடையாது. ‘ச’வுக்குப் பிறகு மறுபடி ‘ச’ வாசித்தால் கேட்பவருக்கு அது ஒரு நீண்ட ‘ச’வாகத்தான் படும். உலகம் முழுவதும் உள்ள பேக்பைப்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவது, பறிபோன நாக்குக்கு விரல்களில் மாற்று தேடும் வேலை.

*

அதற்கு முன் ஓசையைப் பற்றிக் கொஞ்சம். எல்லோருக்கும் தெரிந்த ஸ்காட்லாந்து ஹைலேண்ட் பேக்பைப்பையே எடுத்துக்கொள்வோம். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்களும் ஒத்துகள், அதாவது சுருதிக் குழல்கள். அவற்றில் இரண்டு ஒரே சுரம். வாசிக்கும் குழலின் ஆதார ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. நீளமான மூன்றாவது இன்னொரு ஸ்தாயி கீழே. வாசிக்கும் குழலுக்குச் சாண்டர் என்று பெயர். அதில் மொத்தமே ஒன்பது சுரங்கள்: ஆதார ஷட்ஜம், அதற்குக் கீழே ஒரு நிஷாதம், மேலே தாரஸ்தாயி ஷட்ஜம் வரை. அந்த வரிசையைப் பாடிப் பார்த்தால் நமக்குத் தெரிந்த ஒன்றுதான் வரும். அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஹரிகாம்போதி! பழந்தமிழ்ச் செம்பாலையை ஹரிகாம்போதி என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. இதிலிருந்து ஸ்காட்லாந்துக்கும் தமிழகத்துக்கும் உறவு கட்டிவிட வேண்டாம். நிற்கும் சுருதியோடு இழைய வைத்துத் துளை போட்டால் இப்படிப்பட்ட சுரங்கள்தாம் வந்து நிற்கும்.

இழைவதற்குக் காரணம் உண்டு. சாண்டரின் துளை கூம்பு வடிவம். நாதஸ்வரத்தைப் போல அடியில் விரியும். சீவாளியும் இரட்டை நாக்கு. ஒத்துகளின் துளை நேரானது, சீவாளியில் ஒற்றை நாக்கு. கூம்புத் துளை எல்லா மேல்சுரங்களையும் சேர்த்து எழுப்பும். ஒரு முனை மூடிய நேர்த்துளையில் ஒற்றைப்படை மேல்சுரங்களே ஓங்கி நிற்கும். ஒத்தின் மூன்றாவது மேல்சுரம் பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்பூராவில் தானாக எழும் சுயம்பு காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சாண்டரின் காந்தாரத்தை அந்த ஒலியோடு ஒட்டவைக்கும்போது அது பியானோவின் காந்தாரத்தைவிடச் சற்று இறங்கியே இருக்கும். மேற்கத்திய இசைக்குப் பழகிய காதுகள் பேக்பைப் அபசுரம் என்று முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, சுருதி சேராமல் வாசிப்பவர்கள். ஒத்துகள் ஒன்றோடொன்று சேரவில்லையென்றால் ஓசை விம்மி விம்மி வரும். சேர்ந்துவிட்டால் மூன்று குழல் என்பதே மறந்துபோகும்.

சுருதி ஏறிக்கொண்டே போன வரலாறும் இந்தக் கருவிக்கு உண்டு. காகிதத்தில் ‘ஏ’ என்று எழுதும் சுரம் உலக இசைக்குழுக்களில் 440 ஹெர்ட்ஸ். இன்றைய பேக்பைப் குழுக்களின் ‘ஏ’ 480 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கருவிகள் இதைவிடத் தாழ்ந்தவை. போட்டிகளில் பளிச்சென்று கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் ஏற்றிவிட்டது.

*

இடைக்கால ஐரோப்பாவில் பேக்பைப் இல்லாத நாடு என்று ஒன்றைக் காட்டுவது கடினம். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் பத்தாம் அல்போன்சோ மன்னரின் அவை தொகுத்த மாதா பாடல்களின் ஏட்டில் விதவிதமான பேக்பைப்காரர்கள் வரையப்பட்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் காண்டர்பரிக்குப் போகும் யாத்திரிகர்களை ஊருக்கு வெளியே அழைத்துச் செல்பவன், பேக்பைப் ஊதும் மாவாலைக்காரன். அவன் ஆங்கிலேயன், ஸ்காட்லாந்துக்காரன் அல்ல. 1514இல் ஓவியர் டியூரர் ஒரு பேக்பைப்காரனைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். புரூகலின் குடியானவர் நடன ஓவியத்தில் கன்னம் உப்பிய ஒருவன் ஊதுகிறான். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் மடாலயக் கூரையில் ஒரு கல் பன்றி பேக்பைப் வாசிக்கிறது. ராஸ்லின் தேவாலயத்தில் ஒரு தேவதூதன் அதே கருவியை வாசிக்கிறான். பன்றிக்கும் தேவதூதனுக்கும் பொதுவான வேறு இசைக்கருவியை நான் அறியேன்.

தெற்கு இத்தாலியில் சம்போன்யா. இரண்டு கைக்கும் தனித்தனிக் குழல். கிறிஸ்துமஸ் காலத்தில் மலையிலிருந்து இடையர்கள் இறங்கி ரோம் நகரத் தெருக்களில் மாதா படங்களின் முன் வாசிப்பார்கள். இளவயதில் இத்தாலியில் இருந்த இசையமைப்பாளர் ஹாண்டல், பின்னாளில் ‘மெசையா’வில் இடையர் காட்சிக்கு எழுதிய இசையில் வயலின்களுக்கு அடியில் ஒத்து நிற்பது இந்த நினைவில்தான். துனீசியா, ஈரானின் தென்கரை, பஹ்ரைன் எங்கும் தோல்பைக் குழல் உண்டு. துருக்கியின் கருங்கடல் கரையில் உள்ள துலுமுக்கும் கிரேக்கத் தீவுகளின் சம்பூனாவுக்கும் ஒத்தே கிடையாது. இரண்டு குழல்கள் ஒன்றாகப் பாடும். பல்கேரியாவின் ரோடோப்பி மலையிலோ சுருதி தாழ்ந்த, கனத்த கபா கைடா. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில், வால்யா பால்கன்ஸ்கா பாடும் கொள்ளையன் தெல்யோவின் பாட்டுக்கு இரண்டு கபா கைடாக்கள் துணை. சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிப் போன பேக்பைப் ஹைலேண்ட் பேக்பைப் அல்ல. இதை ஸ்காட்லாந்துக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இத்தனை நாடுகளிலும் பறிபோன நாக்குக்கு மாற்று தேடியவர்கள் மூன்று வழிகளைக் கண்டார்கள்.

இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்தில் குழலின் அடிமுனையையே அடைத்துவிட்டார்கள். எல்லாத் துளைகளையும் மூடினால் காற்றுக்கு வழியில்லை, ஓசை நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டும் தூக்கி மூடினால் சுரங்கள் மணி மணியாகத் தெறிக்கும். அயர்லாந்தின் இல்லன் பைப்பில் முனை திறந்திருக்கும். உட்கார்ந்து வாசிப்பவர் அதைத் தொடைமேல் வைத்த தோலில் அழுத்தி மூடுகிறார். அழுத்தத்தைக் கூட்டினால் அடுத்த ஸ்தாயிக்கும் தாவலாம். பேக்பைப் உலகில் இரண்டு ஸ்தாயி என்பது ஆடம்பரம். இந்த இரண்டு கருவிகளிலும் வாய்க்கே வேலையில்லை. மறு கை இடுக்கில் ஒரு சிறு துருத்தி காற்றடைக்கிறது. வறண்ட காற்று என்பதால் சீவாளி நீண்ட நாள் உழைக்கும், வாசிப்பவர் பாடவும் செய்யலாம். துருத்தி யோசனையைப் பெரிதாகக் கொண்டாடியது பிரெஞ்சு அரசவை. பதினான்காம் லூயியின் காலத்தில் பட்டுத்துணி போர்த்திய, தந்தக் குழல் வைத்த மியூசெட் என்ற குட்டி பேக்பைப்பைப் பிரபுக்களும் சீமாட்டிகளும் கற்றார்கள். அதற்காகவே 1672இல் லியோன் நகரில் ஒரு பாடநூல் அச்சானது. இடையர் வேஷம் அன்றைய நாகரிகம். உண்மையான இடையர்கள் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய 1789க்குப் பிறகு மியூசெட் அவையோடு சேர்ந்து மறைந்தது.

மூன்றாவது வழிதான் ஹைலேண்ட் வழி. அங்கே குழலை மாற்றவில்லை. நிறுத்தம் வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்டு, ஓடும் நாதத்தின் மேல் விரல் வெட்டுகளைப் போட்டார்கள். ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமா, நடுவே காது பிடிக்க முடியாத வேகத்தில் ஒரு மேல்சுரம். நாக்கு செய்த வேலையை விரல் செய்கிறது. ஒரு வெட்டு இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாகி, வெட்டுகளுக்கே இலக்கணம் உருவாயிற்று.

*

இந்த இலக்கணம் உச்சம் தொட்டது பிப்ரோக் என்று வெளியுலகம் அறிந்த பெரும் இசையில். மெல்ல நடக்கும் ஒரு மூலப்பாட்டு முதலில் வரும். அதற்கு நிலம் என்று பெயர். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பாட்டின் முக்கியச் சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டுகள் அடர்ந்துகொண்டே போகும். கடைசிச் சுற்றில் விரல்கள் பறக்கும். சட்டென்று மறுபடி அந்த நிலத்துக்கே இறங்குவார்கள். ஒரு பாட்டு பத்து நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். இதில் பேர்பெற்றவர்கள் ஸ்கை தீவின் மக்கிரிமன் குடும்பம். டன்வேகன் கோட்டை மக்ளவுட் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பைப்பர்கள். போரரெய்க் என்ற கடலோரக் கிராமத்தில் அவர்கள் நடத்திய பள்ளியில் ஏழாண்டு படிப்பு என்று சொல்வார்கள். அவர்களுடைய மூதாதை இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து வந்தவர் என்று ஒரு கதையும் உலவுகிறது. பெரிய வித்வான் குடும்பங்களுக்கு இப்படி ஒரு வெளியூர்க் கதை எங்கும் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

காகிதமும் கோடுகளும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. பாட்டை வாயால் சொல்லிக்கொடுத்தார்கள். கொன்னக்கோல்காரர் தாளத்தைச் சொற்கட்டாகச் சொல்வதுபோல், இங்கே பாட்டே சொற்கட்டு. உயிரெழுத்து சுரத்தைச் சொல்லும், மெய்யெழுத்து விரல் வெட்டைச் சொல்லும். கேலிக் மொழியில் இந்த முறைக்குக் காண்டரக் என்று பெயர். கருவியில் இழந்த நாக்கு பாடம் சொல்லும்போது திரும்ப வந்துவிட்டது. கருவியே இல்லாமல், ஆடு மேய்த்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்யலாம். ஆனால் பள்ளிக்குப் பள்ளி எழுத்து மாறும், ஆசான் இறந்தால் பாடமும் போகும்.

இதை முதன்முதலாக எழுத்தில் விளக்க முயன்றவர் ஓர் இளைஞர். வடக்கு ஸ்காட்லாந்தின் சதர்லாந்தில் பாதிரியார் மகனாக 1739இல் பிறந்த ஜோசப் மெக்டொனால்ட். 1760இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகக் கப்பலேறினார். பயண காலத்தில் ஹைலேண்ட் பேக்பைப்பின் முழு இலக்கணத்தையும் எழுத உட்கார்ந்தார். எந்த வெட்டு எந்த விரலில், எது பழைய வழக்கம், எது சிதைவு என்று ஒவ்வொன்றாக. 1763இல் இந்தியாவிலேயே இறந்தார். 25 வயதைக்கூட எட்டவில்லை. கையெழுத்துப் படி வங்காளத்திலிருந்து மீட்கப்பட்டு, அண்ணன் பேட்ரிக் மூலம் 1803இல்தான் எடின்பரோவில் அச்சேறியது. அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் ஹைலேண்டின் குலத்தலைவர் முறை நொறுங்கிவிட்டது. பைப்பர்களுக்கு நிலம் கொடுத்துக் காத்த கோட்டைகள் வாடகை கேட்கத் தொடங்கிவிட்டன. பழைய வாசிப்பு எப்படி இருந்தது என்று இன்று சண்டைபோடுகிறவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் அந்த இளைஞனின் ஏடுதான். அவர் எழுதிய வெட்டுகளில் பல இன்றைய போட்டி மேடையில் ஒலிப்பதில்லை.

*

1746இல் கலோடன் போரில் ஸ்டூவர்ட் அரசகுலத்துக்காக எழுந்த ஹைலேண்ட் படை தோற்ற பிறகு ஆங்கிலேயர் பேக்பைப்பைத் தடைசெய்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆயுதங்களையும் ஹைலேண்ட் உடையையும் தடுத்த சட்டத்தில் பேக்பைப் என்ற பேச்சே இல்லை. இந்தக் கதை பிறக்கக் காரணமானவர், அந்தக் கலகத்துக்காக விசாரிக்கப்பட்ட ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பர். நான் ஆயுதம் எடுக்கவில்லை, பேக்பைப் மட்டும்தான் ஊதினேன் என்பது அவர் வாதம். ஹைலேண்ட் படை பைப்பர் இல்லாமல் நடப்பதே இல்லை, ஆகவே அது போர்க்கருவிதான் என்றது நீதிமன்றம். 1746 நவம்பரில் யார்க் நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரு நூற்றாண்டுகள் தாண்டி, 1996இல், லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் அனுமதியின்றி இசை வாசித்ததாக ஒருவர்மீது வழக்கு. இது இசைக்கருவியே அல்ல, போர்க்கருவி என்று ரீட் வழக்கைக் காட்டி அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவருக்கு உயிரை வாங்கிய வாதம் மற்றவருக்கு அபராதத்தைக்கூடத் தவிர்க்கவில்லை.

தடைக்கு மாறாக, பிரிட்டிஷ் ராணுவம்தான் இந்தக் கருவியை வளர்த்தது, தன் தேவைக்கேற்ப மாற்றவும் செய்தது. ஹைலேண்ட் இளைஞர்களைப் படையில் சேர்த்தபோது பைப்பர்களும் சேர்ந்தார்கள். நடைக்கு ஏற்ற சின்னப் பாட்டுகள் பெருகின. பிப்ரோக் போட்டி மேடைக்கு ஒதுங்கியது. 1781இல் ஃபால்கர்க்கில் தொடங்கிய போட்டிகள் அதற்குப் புகலிடம். 1915 செப்டம்பர் 25 அன்று லூஸ் போர்முனையில், தன் பக்கமே திரும்பி வந்த நச்சுப்புகைக்கு நடுவே பதுங்குகுழி விளிம்பில் ஏறி நடந்து ஊதிய டேனியல் லெய்ட்லாவுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் குண்டுகளுக்கு நடுவே ஊதிக்கொண்டு நடந்த பில் மில்லின் சுடப்படாமல் தப்பினார். இவனுக்குப் பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டோம் என்று பின்னர் ஜெர்மானியர்கள் சொன்னார்களாம். வீரத்தில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கதைகளின் முழக்கத்தில், இது உலகின் நுணுக்கமான விரலிசைகளில் ஒன்று என்பது வெளியே கேட்பதே இல்லை.

ராணுவத்தோடு அது இந்தியாவுக்கும் வந்தது. கட்வால் படைப்பிரிவுகளில் கற்ற சிப்பாய்கள் ஊர் திரும்பி அதை மலைக் கல்யாணங்களுக்குக் கொண்டுபோனார்கள். உத்தராகண்டில் மசக்பீன் இல்லாமல் மாப்பிள்ளை ஊர்வலம் கிடையாது. மீரட்டிலும், எல்லைக்கு அப்பால் சியால்கோட்டிலும் கடைசல் பட்டறைகள் இன்று ஸ்காட்லாந்துக்கே ஏற்றுமதி செய்கின்றன. ஸ்காட்லாந்துப் பட்டறைகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆப்பிரிக்கக் கருமரத்தை நம்பியிருக்கின்றன. அதற்கு முன் உள்ளூர் மரங்களில் கடைந்தார்கள். சாம்ராஜ்யம் விரிந்த பிறகு மரமும் தந்தமும் வெளியிலிருந்து வந்தன.

வெள்ளைக்காரன் கொண்டுவருவதற்கு முன்பே தோல்பைக் குழல் தென்னாட்டில் இருந்தது. சதிர் ஆட்டத்துக்கு வாசித்த சின்ன மேளத்தில் முகவீணை, மத்தளம், தாளத்தோடு துத்தியும் உண்டு. ஆட்டுத்தோல் பையில் செருகிய குழல்; விரலுக்கு வேலையில்லை, சுருதி மட்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் தித்தி. நாதஸ்வரம் வாசிக்கும் பெரிய மேளத்திலோ அந்த வேலையை ஒத்துக்காரர் கன்னத்தாலேயே செய்தார். இரண்டிலும் பாட்டு வாசிக்கும் குழல் மட்டும் பைக்குள் போகவில்லை. நாதஸ்வரக்காரர்கள் பழகும் முதல் பாடங்களில் ஒன்று துத்துக்காரம். நாக்கால் சீவாளியைத் தட்டிச் சுரத்தைப் பிரிப்பது. கமகத்துக்கு உதடும் மூச்சும் வேண்டும், பிரிப்புக்கு நாக்கு வேண்டும். ஐரோப்பிய இடையன் சுருதியையும் பாட்டையும் ஒரே பைக்குள் கட்டினான். இங்கே சுருதியைப் பைக்குக் கொடுத்துவிட்டுப் பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது. துத்திக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெட்டியின் கதை.